வான்வழித் தூரமும் வாசல்வரை நேரமும்

(ஊராட்சிச் செயலர்கள், பணிப் பார்வையாளர்கள், மகளிர் குழுப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கான பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நமக்கு ஒதுக்கப்பட்டுள்ள பொருள் 'கிராமச் சாலைகளும் போக்குவரத்தும்' என்பதாகும். அப்பொருளுக்கு நாம் ஆகாய விமானத்தின் வழியாக வந்து சேரப் போகிறோம். சென்னை மீனம்பாக்கத்திற்கும் நம் மாவட்டத்து வாகைகுளத்திற்கும் இடையே வான்வழியில் எவ்வளவு தூரம், அதைக் கடக்க எவ்வளவு நேரம் என்பதே இன்று நாம் பேசப்போவது. வரப்பு வழியே நடப்பவர்களிடம் வானவழியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இந்தக் கணக்கை நாம் ஒருமுறை தவறாகச் சொல்லிவிட்டோம். அதனால் நம் வட்டாரத்து ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை. ஆதலின் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2024-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். சிறுபாலப் பணி ஒன்றைப் பார்வையிடுவதற்காகக் காலை எட்டரை மணி அளவில் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். விமான நிலையத்திலிருந்து தெற்கே, தேரிக்காட்டை ஒட்டி, 42 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர் அது. அன்று விடியற்காலையில் அங்கே ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் சென்னையை அடுத்த ஆவடியில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். தந்தைக்குக் கொள்ளி வைக்கவேண்டியவர் தலைமகன் அல்லவா? அவர் 10.20 மணி விமானத்தில் இடம் பிடித்துவிட்டார் என்ற செய்தி வந்திருந்தது. "எத்தனை மணிக்கு எடுக்கலாம் ஐயா?" என்று ஊர்ப் பெரியவர்கள் நம்மிடம் கேட்டார்கள். படித்தவர், அரசாங்க அதிகாரி என்ற மரியாதையால் கேட்டார்கள். நாமும் சற்றும் தயங்காமல், "விமானத்தில் ஒன்றரை மணி நேரந்தான், 11.50-க்கு இறங்கிவிடுவார், பன்னிரண்டரைக்கு இங்கே இருப்பார்" என்று கூறினோம். பகல் ஒரு மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று.

12.35-க்கு அவர் கைபேசியில் அழைத்து, இப்போதுதான் இறங்கினேன் என்றார். விடியற்காலை முதல் உறவினர்களோடு பேசிக்கொண்டே இருந்ததால், அந்த அழைப்போடு கைபேசியில் மின்சாரம் தீர்ந்து போயிற்று. அப்போது நாம் அலுவலகம் திரும்பியிருந்தோம். செயலர் மீண்டும் நம்மிடமே கேட்டார். வெளியே வரக் கால்மணி, சாலை 42 கிலோமீட்டர், ஆகவே ஒரு மணி நேரம், இரண்டு மணிக்குள் வந்துவிடுவார் என்று இரண்டாவது முறையாகவும் சொன்னோம். ஊரார் இரண்டு மணி வரை காத்திருந்தார்கள். 2.15 வரையும் பொறுத்தார்கள். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்த விறகில் சிதை எரியாது என்று பயந்தார்கள். விமானத்தில் வந்தவர் இத்தனை நேரம் எங்கே போனார் என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டது. எடுத்துவிட்டார்கள். 2.40-க்கு இளைய மகன் கொள்ளி வைத்தார். மூத்தவர் சரியாக மூன்று மணிக்கு ஊர் எல்லையில் காரை விட்டு இறங்கினார்.

மறுநாள் துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "நான் விமானத்தில் இருந்தது ஒன்றரை மணி நேரந்தான் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை 6.50-க்கு. ஊர் எல்லையில் இறங்கியது பிற்பகல் மூன்றுக்கு. மொத்தம் 8 மணி 10 நிமிடம். அதில் விமானத்திற்குள் கழிந்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எங்கே போயிற்று என்பதைப் பிற்பாடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். எழுதியதைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் பூகோளப் படத்தில் பார்த்த அட்சரேகைகளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். சென்னை விமான நிலையம் வட அட்சம் ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. வாகைகுளம் 8 பாகை 43 கலையில் உள்ளது. இடைவெளி நான்கே கால் பாகைக்குச் சற்று மேல். அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். கப்பலோட்டிகளும் விமானிகளும் இந்தக் கடல் மைலைக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணமே, பூமியின் வளைவிலிருந்து அது நேரே பிறப்பதுதான். அந்தக் கணக்குப்படி வடக்கிலிருந்து தெற்காக 474 கிலோமீட்டர். இனி, வாகைகுளம் சென்னைக்கு நேர் தெற்கிலும் இல்லை. இரண்டு பாகைக்குச் சற்று மேலாக மேற்கே தள்ளியிருக்கிறது. அது ஏறக்குறைய 234 கிலோமீட்டர்.

வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்பின் மேலேயே போனால் இரண்டு பக்கங்களையும் நடக்கவேண்டும். அறுவடை முடிந்த வயலானால் குறுக்கே நடந்துவிடலாம். விமானம் அவ்வாறு குறுக்கே போவது. அந்தக் குறுக்குத் தூரம் சுமார் 528 கிலோமீட்டர், பழைய கணக்கில் 328 மைல். நெடுஞ்சாலை வழியே சுமார் 600 கிலோமீட்டரும், இருப்புப்பாதை வழியே சுமார் 650 கிலோமீட்டரும் ஆகின்றன. பாதை நேராவதனால் மட்டும் மிச்சமாகும் தூரம் அவ்வளவு பெரிதன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். விமானத்தின் ஆதாயம் வேகத்தில்தான் இருக்கிறது.

அந்த வேகத்தையும் பார்த்துவிடுவோம். அந்த மகன் வந்தது ஏ.டி.ஆர். 72 எனப்படும், இறக்கைகளில் சுழல்விசிறி பொருத்திய விமானம். எழுபதுக்கு மேற்பட்டோர் அமரலாம். உயரே சென்று சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் போகும். 528-ஐ 500-ஆல் வகுத்தால் ஒரு மணி மூன்று நிமிடம் வருகிறது. கால அட்டவணையோ ஒன்றரை மணி என்கிறது. இடையிலுள்ள 27 நிமிடம் ஏன்?

இங்கேதான் நம் கல்லூரிப் படிப்பும் நம்மைக் கைவிட்டது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது பாடப்புத்தகத்து வண்டிக்குப் பொருந்தும்; ஏனெனில் அந்த வண்டி புறப்பட்ட கணத்திலேயே முழு வேகத்தில் ஓடும். விமானமோ நின்ற இடத்திலிருந்து பின்னால் தள்ளப்பட்டு, தரையில் ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குச் சென்று, முன்னே நிற்பவை போகும்வரை காத்து, பிறகுதான் எழும்புகிறது. எழும்பியபின் உயரம் ஏறும்வரை முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் அவ்வாறே. இன்னொன்றும் உண்டு. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வாகைகுளத்து ஓடுபாதையும் அப்படியே. போகவேண்டிய திசையோ தென் தென்மேற்கு. விமானம் வழக்கமாகக் காற்றை எதிர்த்தே எழும்பவும் இறங்கவும் செய்கிறது. கடற்காற்று வீசும் வேளையில் சென்னையில் கிழக்கு நோக்கி எழும்பி, கடல்பக்கம் போய்த் திரும்பி, பிறகே தெற்கைப் பிடிக்கவேண்டும். இங்கே வந்ததும் மறுபடி வளைந்து ஓடுபாதைக்கு நேராக வரவேண்டும். வண்டியைத் தெருவில் திருப்பித் தொழுவத்தில் விடுவது போன்ற வேலை இது. இவையனைத்தையும் சேர்த்து, சக்கரத்தின் தடைக்கட்டை எடுத்ததிலிருந்து மீண்டும் கட்டை வைக்கும்வரை உள்ள நேரத்தையே கால அட்டவணையில் அச்சிடுகிறார்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. போகும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்து வீசி, திரும்பும்போது அதே காற்று பின்னின்று தள்ளினால், இரண்டும் சரிக்குச் சரியாகப் போகும் என்று நினைக்கிறோம். போகாது. எதிர்காற்றில் 70 நிமிடம், பின்காற்றில் 57½ நிமிடம், கூட்டினால் 127½. காற்றே இல்லாதபோது போகவர 126½ நிமிடந்தான். வேறுபாடு ஒரு நிமிடமே ஆயினும், காரணம் எளிது: எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். தோணிக்காரர்களுக்கு இதை நாம் சொல்லித்தரவேண்டியதில்லை.

வாகைகுளத்து நிலையம் 1992-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நெடுங்காலம் அதன் ஓடுபாதை 1,350 மீட்டர். சிறு விமானங்களே இறங்க முடியும். பின்னர் சுற்றுவட்டாரத்து நிலங்கள் எடுக்கப்பட்டு, ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டது. 17,340 சதுர மீட்டர் பரப்பில், சுமார் 450 கோடி ரூபாய் செலவில் மேம்படுத்தப்பட்ட புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்து வைத்தார். இனி ஏர்பஸ் வகைப் பெரிய விமானங்களும் வரலாம். அவை மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவை. நிலம் கொடுத்தவர்களில் சிலர், "இதனால் எங்களுக்கு என்ன?" என்று நம்மிடம் கேட்டதுண்டு. நேர்மையாகக் கணக்குச் சொல்லவேண்டுமானால், 528 கிலோமீட்டரை 830-ஆல் வகுத்தால் 38 நிமிடம். பழைய விமானத்தை விட 25 நிமிடம் மிச்சம். ஆனால் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் பெரிய விமானத்திற்கும் உண்டு. அதனால் அந்த 25 நிமிடமும் முழுதாகக் கையில் வராது. நெடுந்தூரப் பயணத்தில்தான் பெரிய விமானத்தின் வேகம் நன்றாகத் தெரியும். நம் போன்ற குறுந்தூரத்தில் பெரிதும் கிடைப்பது கூடுதல் இடங்கள். இடம் கிடைப்பதும் நன்மையே. துக்கச் செய்தி கேட்டு ஓடி வருகிறவனுக்கு அன்றைய விமானத்தில் இடம் இல்லையென்றால் எவ்வளவு வேகம் இருந்து என்ன பயன்?

ஆகாயத்தை இத்தோடு விட்டுவிடுவோம். அந்த மகனின் 8 மணி 10 நிமிடத்தில் ஆகாயமும் ஓடுபாதையும் எடுத்துக்கொண்டது 1 மணி 30 நிமிடந்தான். கால அட்டவணை பொய் சொல்லவில்லை. அது எதைச் சொல்கிறதோ அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தது நம் பிழை.

ஆவடியிலிருந்து விமான நிலையம் வர 1 மணி 20 நிமிடம். காலை நேரச் சென்னைச் சாலையில் அது மிகுதி என்று சொல்லமுடியாது. புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாக வரவேண்டும் என்று சொல்லப்படுவதால் 8.10-க்கே வந்துவிட்டார். பெட்டியும் இல்லை, படுக்கையும் இல்லை. உடுத்திய உடுப்போடு வந்தவர். இருந்தாலும் அடையாளச் சோதனை, உடற்சோதனை, காத்திருப்பு எல்லாம் அவருக்கும் உண்டு. ஏறும் வாயிலைக்கூட இருபது இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே மூடிவிடுகிறார்கள். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்ள இது நம் ஊர்ப் பேருந்து அன்று. விமானம் 10.20-க்குப் பதில் 11.05-க்கு நகர்ந்தது. ஆக, நிலையத்திற்குள் மட்டும் 2 மணி 55 நிமிடம். பறந்த நேரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உட்கார்ந்த நேரம்! இதில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இறங்கியபின் நடந்தவை நம் பொறுப்பைச் சேர்ந்தவை. வெளியே வரக் கால்மணி. வாடகைக் கார் கிடைக்க அரைமணி. நிலையம் இருப்பது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில். அந்தச் சாலையில் பேருந்துக்குக் குறைவில்லை. ஆனால் தெற்கே நம் ஊர்களுக்குத் திரும்ப, எந்த நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பேருந்தைப் பிடிக்கவேண்டும், அது எத்தனை மணிக்கு என்பதைச் சொல்வார் இல்லை. ஊர்க்காரருக்கே தெரியவில்லை. பிறகு கார் கிடைத்துச் சாலையில் 1 மணி 40 நிமிடம். 42 கிலோமீட்டருக்கு ஏன் அவ்வளவு நேரம்?

இதைச் சொல்வதற்கு நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊருக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் ஓடையின் மேலிருந்த சிறுபாலம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் சேதமடைந்து, அப்போது இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அன்று காலை நாம் பார்வையிடச் சென்றதே அந்தப் பணியைத்தான். மாற்றுப்பாதை 11 கிலோமீட்டர் சுற்று. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை கிடையாது. வெளியூர்க் காரோட்டி நேரே பாலம்வரை வந்து, பள்ளத்தைப் பார்த்து, திரும்பிப் போய்ச் சுற்றி வந்திருக்கிறார். எப்படிக் கணக்கிட்டாலும் அதில் அரைமணிக்கு மேல் போயிருக்கிறது. அந்த அரைமணி மட்டும் மிஞ்சியிருந்தால் அவர் இரண்டரைக்குள் வந்திருப்பார். கொள்ளி வைத்தது 2.40-க்கு. பாலம் உடைந்து கிடப்பதைக் காலையில் கண்ணால் பார்த்துவிட்டு வந்த நாமே, பகலில் 42 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று சொன்னோம்! ஆகாயத்தைப் பற்றித் தெரியாமல் சொன்னது முதல் பிழை. தெரிந்த மண்ணைப் பற்றி நினைக்காமல் சொன்னது இரண்டாவது பிழை. இரண்டாவதே பெரிது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களை மேலிருந்து போட்டன. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாகைகுளம் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். வானில் சில நிமிடப் பறப்பு. தரையில் அன்று அந்த வழியைக் கடக்க முடியவில்லை. தண்ணீர் நின்ற சில கிலோமீட்டர்களே அவர்களை உலகத்திலிருந்து பிரித்து வைத்தன. எத்தனை பெரிய விமான நிலையம் அருகில் இருந்தாலும் ஓடைமேல் நிற்கும் சிறுபாலத்தின் வேலையை அது செய்யாது என்பதை அந்த இரண்டு நாட்களும் நமக்குக் காட்டின.

பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. பிறகு 1914-இல் தனுஷ்கோடி வழி ஏற்படும்வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து ரயிலேறித் தூத்துக்குடிக்கு வந்து, இங்கே கப்பலேறினார்கள். 'போட் மெயில்' என்று பெயர். சென்னையிலிருந்து இங்கே வரவே ஏறத்தாழ 22 மணி நேரம். இன்று அதைக் கேட்டால் சிரிக்கிறோம். ஆனால் அந்த ரயிலும் அந்தக் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து ஓடின. ஒன்றின் கால அட்டவணை மற்றொன்றோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. கடலைத் தாண்டவேண்டிய பயணிக்கு அடுத்த வண்டி எது என்ற கவலை இல்லை. விமானத்தில் வந்திறங்கும் நம் பிள்ளைக்கு அந்தக் கவலை இருக்கிறது.

இனி, உங்களிடம் யாராவது "எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டால் என்ன செய்யவேண்டும்? விமானம் இறங்கும் நேரத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில், அவர் இருக்கும் இடத்தில் அடுத்த விமானம் எப்போது, அதில் இடம் உண்டா என்று கேளுங்கள். பகலில் செய்தி கிடைத்தவருக்கு அன்றே விமானம் உதவலாம். மாலையில் செய்தி கிடைத்தவர் மறுநாள் காலை விமானத்திற்காக இரவெல்லாம் விழித்திருப்பதை விட, எழும்பூரில் இரவு முத்துநகர் விரைவு ரயிலைப் பிடித்தால் விடிந்ததும் தூத்துக்குடியில் இறங்கிவிடலாம். 11 மணி நேர ரயில், ஒன்றரை மணி நேர விமானத்தை முந்துவது இவ்வாறுதான். புறப்படும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்காதவருக்கு இது தெரியாது. துக்கத்திற்கு மட்டுமல்ல, நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கும், சென்னை மருத்துவமனையில் நாள் குறிக்கப்பட்ட நோயாளிகளுக்கும் இதே கணக்குத்தான். பிறகு, விமானத்தில் வருகிறவரானால் இறங்கும் நேரத்தோடு ஒரு மணி நேரத் தாமதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெளியே வந்து வண்டி பிடிக்க முக்கால் மணி. அதற்குப் பின் உங்கள் ஊர்ச் சாலை. அந்தச் சாலை இன்று எந்த நிலையில் உள்ளது என்பது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மகளிர் குழுத் தலைவி ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு யோசனை சொன்னார். நமக்குத் தோன்றாத யோசனை. ஊரில் மரணம் நேர்ந்தால், வெளியூரிலிருந்து வருகிற பிள்ளையின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அவருடைய வண்டியோட்டியின் எண்ணையும் இறங்கியவுடனே கேட்டு வாங்கிவிடவேண்டும் என்றார். அன்று அந்த எண் நம்மிடம் இருந்திருந்தால் பாலத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஊராரும் இன்னும் அரைமணி பொறுத்திருப்பார்கள். இவ்வளவு சிறிய விஷயத்திற்குச் சுற்றறிக்கை எதுவும் வரப்போவதில்லை. அம்மையாரின் யோசனையை எல்லாக் குழுக்களும் எடுத்துக்கொள்ளலாம்.

பணிப் பார்வையாளர்களுக்குத் தனியாக ஒன்று. பாலமோ சாலையோ வெட்டும் முன், மாற்றுப்பாதை பிரியும் இடத்தில் பலகை நட்டு, அதன் புகைப்படத்தைக் கோப்பில் சேர்த்தாலன்றி, பணி தொடங்கியதாக நாம் ஒப்பமிடப் போவதில்லை. பலகை ஓடையின் கரையில் இருந்தால் போதாது. அங்கே வந்தபின் அது பயனற்றது. நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் முனையில் இருக்கவேண்டும். சுற்று எத்தனை கிலோமீட்டர் என்றும் அதில் எழுதவேண்டும். நடைபாதை அளவுக்காவது பக்கத்தில் ஒரு தற்காலிக வழி விடமுடியுமா என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். அன்று அப்படி ஒரு வழி இருந்திருந்தால், அவர் காரை அக்கரையிலேயே நிறுத்திவிட்டு ஓடையைக் கடந்திருப்பார். இக்கரையிலிருந்து இருசக்கர வண்டியில் நான்கு கிலோமீட்டர் கொண்டுவர ஊரில் ஆள் இல்லையா?

அந்தச் சிறுபாலம் 2025 சித்திரையில் கட்டி முடிக்கப்பட்டது. தந்தையின் முதலாண்டுத் திவசத்திற்கு அந்த மகன் வந்திருந்தார். இம்முறை முதல்நாள் இரவே ரயிலேறி, தூத்துக்குடியிலிருந்து பேருந்தில் வந்து, பாலத்தின் அருகே இறங்கி நடந்து வந்தாராம். செயலர் சொன்னார். நாம் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கப் போகவும் நமக்கு மனம் துணியவில்லை.

செயலர்களுக்கு இறுதியாக ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊராட்சியின் ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் வாகைகுளத்து நிலையத்திற்கும், தூத்துக்குடி, திருநெல்வேலி ரயில் நிலையங்களுக்கும் எத்தனை கிலோமீட்டர், எங்கே பேருந்து மாறவேண்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, வாடகை வண்டி வைத்திருப்பவர் யார், மழைக்காலத்தில் எந்த ஓடை வழியை அடைக்கும் என்பவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். பேருந்து நேரத்தை நிலையத்துப் பலகையைப் பார்த்து எழுதவேண்டாம்; நிறுத்தத்தில் நின்று, வண்டி வருகிற நேரத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மற்றொன்று வருகிற மாதம் 10-ஆம் தேதிக்குள் நம் அலுவலகத்திற்கு வந்து சேரவேண்டும்.